கழற்றியதை எடுத்து வையுங்கள்: பழைய வண்டிக் கேள்வி–பதில்

கேள்வி: தாத்தா வாங்கிய 1968ஆம் ஆண்டு புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. 6 வோல்ட் விளக்கை நம்பி இரவில் வெளியே போக முடியவில்லை. 12 வோல்ட்டுக்கு மாற்றி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்து, கியரையும் இடது காலுக்குக் கொண்டுவந்து தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட ஆசைப்படுகிறேன். என் அண்ணனோ, ஒரு நட்டைத் தொட்டாலும் தாத்தாவின் வண்டி போய்விட்டது என்கிறார். தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் அண்ணனிடம் கேளுங்கள் தம்பி: இப்போது ஓடும் டயர் 1968இல் வந்ததா? செயின், கிளட்ச் பிளேட், பிஸ்டன், கேபிள்கள்? தாத்தா காலத்திலேயே பாதி வண்டி மாறியிருக்கும். போதாததற்குத் திருவொற்றியூரில் 1955இல் புல்லட் தொடங்கியபோது இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பாகங்களைத் தருவித்துத்தான் பூட்டினார்கள். உள்ளூர்ப் பாகங்கள் பிறகுதான் வந்தன. ஆகவே நட்டு எண்ணும் வழக்கில் அண்ணன் தோற்பார்.

அதற்காக நீங்கள் ஜெயித்ததாக நினைக்க வேண்டாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மாற்றத்துக்கு ஸ்பேனர் போதுமா, ரம்பமும் வெல்டிங்கும் வேண்டுமா? ஸ்பேனரால் முடிகிற மாற்றத்தை உங்கள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி ஆக்கிவிடலாம். ஃபிரேமை அறுத்தால் முடியாது.

12 வோல்ட் மாற்றம் முதல் வகை. தயங்காமல் செய்யுங்கள். அதற்கு முன் எர்த் கம்பிகளையும் ஹெட்லைட் சுவிட்சின் உள்முனைகளையும் சுத்தம் செய்து பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் வழியில் அரை வோல்ட் தொலைந்தாலும் வெளிச்சத்தில் தெரியும். மங்கல் விளக்குடன் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பல, எர்த்தைச் சுரண்டியதுமே வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. அப்படியும் போதவில்லை என்றால் மாற்றுங்கள். கழற்றியதை எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வந்தால் அவை பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

டிஸ்க் பிரேக் விஷயத்தில் எனக்கு அவசரம் இல்லை. இப்போதுள்ள பிரேக் டிரம்மை லேத்தில் ஏற்றி வட்டம் சரிசெய்து, புது பிரேக் ஷூவை அந்த டிரம்முக்குப் பொருந்தும்படி தேய்த்து, கேபிளையும் மாற்றிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டருக்குள் போகும் அலுவலகப் பயணத்துக்கு அது போதும். டிஸ்க்தான் வேண்டும் என்றால் ஃபோர்க், ஹப், சக்கரம் எல்லாவற்றையும் ஒரு செட்டாக மாற்றிப் பழைய செட்டை அப்படியே பரண்மேல் ஏற்றுங்கள். பழைய ஃபோர்க்கில் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) பிடிக்க இரும்புத் துண்டை வெல்டிங் செய்து ஒட்டுவதாகச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

கியருக்கு என் அனுமதி இல்லை. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பது சில நாளில் உடம்புக்குப் படிந்துவிடும். குறுக்கே தண்டு கொடுத்து இடப்பக்கம் கொண்டுவந்தால் இணைப்புகள் தளர்ந்து, கியர் விழுந்ததா இல்லையா என்று சந்தேகத்திலேயே ஓட்டுவீர்கள். அந்த கியர்பாக்ஸில் நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறதே, சிக்னலில் குதிகாலால் ஒரு அழுத்து, நியூட்ரல் வந்து நிற்கும். இன்றைய வண்டிகளில் அது கிடைக்காது.

கேள்வி: என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. பாடி நன்றாக உள்ளது, என்ஜின் தேய்ந்துவிட்டது. இக்காலத்து என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்திக் கொடைக்கானல் போய்வர நினைக்கிறேன். சரிதானே? (மதுரை வாசகர்)

பதில்: சரியில்லை. சென்னைக்கு அருகே, வண்டலூர்ப் பக்கத்தில் தயாரான கார் அது. அதன் பின்சக்கரங்கள் குறுக்கே போட்ட ஒரே பட்டை வில்லில், ஊசலாடும் அச்சில் நிற்கின்றன. வேகமாக வளைவில் புகுந்து, பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரைவிட்டுக் காலை எடுத்தால் பின்சக்கரம் உள்பக்கமாக மடியப் பார்க்கும். அந்தப் பிடிமானத்துக்குப் பழைய என்ஜினின் சக்தியே கணக்கு. இரண்டு மடங்கு சக்தியைக் கொடுத்து அதைக் கொடைக்கானல் மலைப்பாதையில் இறக்கும் யோசனை, வண்டியைப் பற்றிய விவாதமே அல்ல. உங்கள் குடும்பத்தைப் பற்றியது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என்ஜின் எண்ணைத்தான்.

இருக்கும் என்ஜினின் சிலிண்டரையே போர் அடித்து (உள்ளே குடைந்து), கிராங்கைத் தீட்டி, புது பேரிங் போட்டுக் கட்டுங்கள். ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டும் பானட்டும் சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். என்ஜினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். என்ஜினைக் கட்ட இதைவிட வசதியான காரை நான் கண்டதில்லை. செலவழிக்க மிச்சம் பணம் இருந்தால் பிரேக்கில் போடுங்கள்: மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிதாக. முன் இருக்கைகளுக்கு சீட் பெல்ட் வையுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர்களை ஏற்றாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் 1960ஆம் ஆண்டு அம்பாசடர் இருக்கிறது. ‘விண்டேஜ்’ பதிவு வாங்கலாமா? வாங்கினால் வாரந்தோறும் கோயிலுக்கு ஓட்ட முடியுமா? (தஞ்சாவூர் வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: முதல் கேள்விக்கு ‘வாங்கலாம், ஆனால்’. இரண்டாவதற்கு ‘முடியாது’ அம்மா.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு இந்தத் தகுதி உண்டு. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. புதுப் பதிவுக்கு ‘விஏ’ வரிசை எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பழைய எண் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். இடையில் யாராவது டீசல் என்ஜின் ஏற்றியிருந்தால்தான் சிக்கல். நம் ஊர் அம்பாசடர்களில் அது மிகச் சாதாரணம். முதலில் பானட்டைத் திறந்து என்ஜின் எண்ணையும் ஆர்சி புத்தகத்தையும் ஒப்பிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ கூடாது. அதாவது, மாற்றாமல் காப்பாற்றியவருக்குப் பரிசு, ஓட்டாதே என்பது! வாரந்தோறும் ஓட்டுவதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு போங்கள். நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகும், டேங்க் துருப்பிடிக்கும், எலி ஒயரைக் கடிக்கும். எங்களுக்கு அதிக வேலை தருவது ஓடாத வண்டிகள்தான்.

கேள்வி: மைசூரில் செய்த ஜாவா. டேங்கின் குரோம் மங்கிவிட்டது, பெயிண்ட் ஆங்காங்கே உதிர்ந்திருக்கிறது. முழுதாகச் சுரண்டிப் புது பெயிண்ட் அடிக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: அடிக்காதீர்கள். கம்பெனி பெயிண்டும் கையால் இழுத்த கோடுகளும் இன்னும் தெரிகின்றன என்றால், புது பெயிண்ட் அடித்து விற்கும் நூறு ஜாவாவுக்கு நடுவே உங்களுடையதுதான் அடையாளம். மெழுகு போட்டுத் துடையுங்கள். துரு உள்ளே தின்னுகிற இடத்தை மட்டும் நிறுத்துங்கள். டிங்கரிங் பட்டறைக்காரர், “ஒரு கோட் அடித்தால் புதிதாகிவிடும்” என்பார். அவருக்கு அது தொழில்.

கேள்வி: இப்போதைய பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாது என்கிறார்களே? (கோவை வாசகர்)

பதில்: இரண்டு விஷயங்களைக் குழப்புகிறார்கள். 2000இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டார்கள். வார்ப்பிரும்பு ஹெட் (என்ஜினின் மேல்மூடி) உள்ள பழைய கார்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் விளிம்பு தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஹெட்டைக் கழற்றும் வேலை எப்போது வருகிறதோ, அப்போது கடினமான வால்வு சீட் வளையங்களைப் பதித்துவிடுங்கள். ரம்பம் கூடாது என்று மேலே சொன்னவன் இங்கே ஹெட்டைக் குடையச் சொல்கிறேன். ஹெட்டை மூடிவிட்டால் எந்தக் கண்காட்சி நடுவரின் கண்ணுக்கும் தெரியாது.

இன்னொன்று, இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது இளக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். தரையில் பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள்.

கேள்வி: புல்லட்டுக்குச் சத்தமான சைலன்சர் போடலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் தடுப்பைத் தட்டி எடுப்பதும் கூடாது. பழைய புல்லட்டுக்குக் கம்பெனி கொடுத்த நீண்ட சைலன்சர் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது காந்தம் கொண்டுபோய், பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா (அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது) என்று பார்த்து வாங்குங்கள்.