விலைவாசி பற்றி எம்.பி.யிடம் மனுவா? கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள்

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. எதிர்க்கட்சிக்காரர். போகும் இடமெல்லாம் "விலையெல்லாம் இரண்டு மடங்காகிவிட்டது, மத்திய அரசு பதில் சொல்லியாக வேண்டும்" என்று பேசுகிறார். அரசோ பணவீக்கம் இதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. இதில் எதை நம்புவது? எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் அவரைச் சந்தித்து மனு கொடுக்கப்போகிறது. சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு முடியாமல் இருக்க, அந்த மனுவில் என்ன எழுத வேண்டும்?

பதில்: இரண்டையும் நம்பலாம். இரண்டு பேரும் ஒரே புள்ளிவிவரத்தின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

குடும்பங்கள் வாங்கும் பொருள்கள், சேவைகளின் விலைநிலையை அளக்க நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் என்று ஒன்று இருக்கிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், அந்த ஆண்டின் விலைநிலை 100. அதே குறியீடு 2025 கடைசியில் 200-ஐ நெருங்கியது. ஆகவே 2012-லிருந்து பார்த்தால் உங்கள் எம்.பி. சொல்லும் 'இரண்டு மடங்கு' ஏறக்குறைய சரி. எந்த ஆண்டிலிருந்து கணக்குப் போடுகிறார் என்பதை மட்டும் மேடையில் சொல்லமாட்டார். அந்தக் காலத்தில் அவருடைய கட்சியோ கூட்டணியோ ஆட்சியில் இருந்த மாதங்களும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு சொல்வதும் பொய்யல்ல. 2025 அக்டோபரில் இந்தக் குறியீட்டை வைத்துக் கணக்கிடும் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், அந்த வரிசையிலேயே அதுவரை பதிவானவற்றில் மிகக் குறைவு. ஆனால் பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் ஏறிய விலை இறங்கிவிடாது. இன்னொன்று, அந்தக் கணக்கு முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. 2024 அக்டோபரில் காய்கறி விலை கொதித்தது, பணவீக்கம் 6.21 சதவீதத்தைத் தொட்டது. அந்த உயரத்தோடு ஒப்பிட்டால் அடுத்த ஆண்டு அடக்கமாகத்தான் தெரியும். ஜி.எஸ்.டி. விகிதங்கள் குறைக்கப்பட்டதும் அதற்குச் சற்று முன்பு, 2025 செப்டம்பரில்தான். அரசு தரப்புப் பேச்சில் ஜி.எஸ்.டி. குறைப்பு கட்டாயம் இடம்பெறும். ஒப்பீட்டு ஆண்டு இடம்பெறாது.

உங்கள் வீட்டுச் செலவு ஏன் இந்த எண்ணோடு ஒத்துப்போவதில்லை என்றும் நினைத்திருப்பீர்கள். குறியீடு என்பது நாடு முழுவதற்குமான சராசரிக் கூடை. 2012 வரிசையில் உணவு, பானங்களுக்கு 45.86 சதவீத எடை, கல்விக்கு 4.46 சதவீதம்தான். இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கூடை பொருந்தாது. தக்காளி மலிந்த மாதத்தில் குறியீடு இறங்கும். அதே மாதத்தில்தான் பள்ளிக் கட்டணத்தின் அடுத்த தவணை வந்து நிற்கும்.

உண்மையில், விலை ஏறியதா என்ற கேள்வியைவிட, வருமானம் கூடவே ஏறியதா என்ற கேள்விதான் கூர்மையானது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி இருக்கிறது. தொழிலாளர்களுக்கான தனிக் குறியீடு ஏறும்போது அதுவும் ஏறும். கட்டடத் தொழிலாளி, ஜவுளிக்கடை விற்பனையாளர் போன்ற பலருக்குக் கைக்கு வரும் கூலி அப்படித் தானாக ஏறுவதில்லை. கிராமப்புறக் கூலி விகிதங்களைத் தொழிலாளர் துறையின் கீழுள்ள தொழிலாளர் பணியகம் தொழில் வாரியாக, மாநில வாரியாக வெளியிடுகிறது. விலைவாசி பற்றி முழங்கும் எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த அட்டவணையைக் கையில் எடுத்துப் பேசுவது அபூர்வம். எடுத்தால் அரசுக்குப் பதில் சொல்வது உண்மையிலேயே கடினமாகும்.

சரி, மனுவுக்கு வருவோம். "விலைவாசியைக் கட்டுப்படுத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எதிர்க்கட்சி எம்.பி.யால் எந்த விலையையும் கட்டுப்படுத்த முடியாது. அவரால் முடிவது ஒன்றுதான்: அரசைப் பதில் சொல்லவைப்பது. அதற்கும் அவர் கையில் இருக்கும் கருவிகள் ஒரே தரத்தவை அல்ல.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டலங்களில் பெயரிட்டு விற்கப்படும் அரிசி, பருப்பு, தயிர் போன்றவற்றுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. விலைவாசியைக் கண்டித்து மக்களவையில் பதாகை ஏந்திப் போராடியதற்காக மாணிக்கம் தாகூர், ஜோதிமணி உள்ளிட்ட நான்கு காங்கிரஸ் உறுப்பினர்கள் ஜூலை 25 அன்று இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று அந்த இடைநீக்கம் ரத்தாகி, அன்றே விலைவாசி விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் எது நினைவில் நின்றது? திரிணமூல் உறுப்பினர் ககோலி கோஷ் தஸ்திதார் சமையல் எரிவாயு விலையைச் சுட்டிக்காட்டப் கத்தரிக்காயைப் பச்சையாகவே கடித்த காட்சிதான். நல்ல நாடகம், குறை சொல்லவில்லை. ஆனால் அது விதி 193-இன் கீழ் நடந்த விவாதம். முடிவில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசினார்கள், நிதியமைச்சர் பதிலுரை சொன்னார், அத்தோடு அவை அடுத்த அலுவலுக்குப் போய்விட்டது.

கேள்வி நேரம் அப்படியல்ல. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 பட்டியலிடப்படும். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்விகளும் உண்டு. நேரத்துக்குள் அவற்றில் சிலவற்றைத்தான் எட்ட முடியும். நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் நாளொன்றுக்கு 230 வரை. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். யார் கேள்வி இடம்பெறும் என்பது குலுக்கலில் தீர்மானமாகும். செய்தியாளர்களுக்கு முதல் வகைமேல்தான் கண். உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வகையே உகந்தது என்பது என் கருத்து. எழுத்தில் வந்த பதில் அமைச்சகத்தின் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் மாதிரி. நாடாளுமன்ற இணையதளத்தில் நிரந்தரமாக இருக்கும். அடுத்த ஆண்டு வேறு பதில் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

கேள்விக்கு நிபந்தனைகள் உண்டு. சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கூடாது. மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்கக்கூடாது. மேடைப் பேச்சை மேடைப் பேச்சாக்கும் அத்தனையும் இங்கே தள்ளுபடி! பல மனுக்கள் எம்.பி. அலுவலகத்தைத் தாண்டாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்; அதைக் கேள்வியாக மாற்றும் வேலையைச் செய்ய அங்கே ஆளிருக்காது. நீங்களே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மாநிலப் பொறுப்பு என்ற நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மின்கட்டணம், பஸ் கட்டணம், சொத்து வரி ஆகியவற்றுக்கு நாடாளுமன்றத்தில் பதில் கிடைக்காது. முதல் இரண்டுக்கும் உங்கள் எம்.எல்.ஏ.விடம் போகவேண்டும், சொத்து வரிக்கு மாமன்ற உறுப்பினரிடமும். பெட்ரோல் இரண்டு பக்கமும் உள்ள பண்டம்: மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது தன் பங்கில்தான். மத்திய அரசு 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தது.

ஜி.எஸ்.டி. இன்னும் வேடிக்கையானது. வரி விகிதங்களை முடிவு செய்யும் ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு; முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. எதிர்க்கட்சிகள் ஆளும் மாநிலங்களின் அமைச்சர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பொட்டல உணவுகளுக்கான 5 சதவீத வரியை மன்றத்தில் ஒருவரும் எதிர்க்கவில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022-இல் சொன்னார். ஆகவே உங்கள் எம்.பி.யைச் சந்திக்கும்போது, "உங்கள் கட்சி ஆளும் மாநிலத்தின் அமைச்சர் மன்றத்தில் என்ன நிலைப்பாடு எடுத்தார்?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பொறுப்புக்கூறல் என்பது ஆளும் கட்சிக்கு மட்டும் உரியதல்ல. இந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இப்போது ஒரு மாதிரி. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் எழுதலாம்:

"நிதியமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் பெட்ரோல், டீசல் மீதான மத்திய வரிகளில் கிடைத்த வருவாய், ஆண்டு வாரியாக, (ஆ) அதில் அடிப்படைக் கலால் வரி எவ்வளவு, சிறப்புக் கூடுதல் கலால் வரி எவ்வளவு, செஸ் எவ்வளவு, (இ) மாநிலங்களுடன் பகிரத்தக்க வரித்தொகுப்பில் சேர்ந்த தொகை எவ்வளவு, (ஈ) கூடுதல் வரிகளைக் குறைக்கும் திட்டம் அரசிடம் உள்ளதா, இல்லையெனில் அதற்கான காரணங்கள் என்ன?"

இதில் கோபம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோபம் (ஆ) பகுதியின் விடையில் இருக்கிறது. செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென வசூலிக்கும் வரி), கூடுதல் வரி ஆகியவற்றை மத்திய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 32.90 ரூபாய் மத்திய வரி. அதில் பகிர்வுக்கு உட்பட்ட அடிப்படைக் கலால் வரி வெறும் 1.40 ரூபாய். இப்படிப்பட்ட எண் ஒன்று அரசின் வாயிலிருந்தே வருமானால், அதற்குப் பிறகு மேடையில் எம்.பி. குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

பதில் வந்தபின் அதைக் கவனமாகப் படியுங்கள். "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்பவை தட்டிக்கழிக்கும் சொற்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நாடாளுமன்ற நடைமுறையில் அவை உறுதிமொழியாகக் கணக்கில் கொள்ளப்படும். அரசின் உறுதிமொழிகள் குழு என்று தனிக் குழுவே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் அவகாசம் கேட்க வேண்டும். அதனால் அந்தச் சொற்கள் வந்தால் சோர்ந்துவிடாமல் நாளைக் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து எம்.பி. அலுவலகத்துக்கு நினைவூட்டுங்கள்.

பட்ஜெட் கூட்டத்தொடரில் வெட்டுத் தீர்மானம் என்று இன்னொரு வழி உண்டு: குறிப்பிட்ட குறை ஒன்றைச் சொல்லி, அமைச்சகம் தன் செலவுக்காக அவையிடம் கேட்கும் தொகையில் (இதற்குத்தான் மானியக் கோரிக்கை என்று பெயர்) 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிவது. பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றியே மொத்தமாக நிறைவேறிவிடுவதால் இதை நம்பியிருக்க முடியாது. அரசின் செலவு பற்றிய புகார் என்றால் பொதுக் கணக்குக் குழு பொருத்தமானது. அதன் தலைவர் பதவி 1967 முதல் மரபாக எதிர்க்கட்சிக்குத்தான். ஆனால் அது தணிக்கை அறிக்கையின் பின்னால் போகும் குழு. இன்றைய சமையல் எரிவாயு விலைக்கு அங்கே தீர்வு கிடைக்காது.

பணவீக்கத்துக்கு ரிசர்வ் வங்கியும் சட்டப்படி பொறுப்பு. இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதம் வரை விலகலாம். மூன்று காலாண்டுகள் தொடர்ந்து எல்லை மீறினால் காரணத்தை மத்திய அரசுக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். 2022-இல் முதல்முறையாக அந்த நிலை வந்தது, அறிக்கையும் போனது. பொதுமக்கள் பார்வைக்கு அது அப்போது வைக்கப்படவில்லை. விலைவாசி பற்றிப் பேச ஆசைப்படும் எந்த எதிர்க்கட்சி உறுப்பினருக்கும், அந்த அறிக்கை ஏன் அவையில் வைக்கப்படக்கூடாது என்பதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது. உங்கள் மனுவில் இரண்டாவது கேள்வியாக இதைச் சேர்க்கலாம்.

எம்.பி. கேட்க மறுத்தால் அதே (அ), (ஆ), (இ) பகுதிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நீங்களே கேட்கலாம். மத்திய அரசுத் துறைகளுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். (ஈ) பகுதியை விட்டுவிடுங்கள். அந்தச் சட்டத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், திட்டம் உண்டா, காரணம் என்ன என்று விளக்கம் கேட்க முடியாது.

கடைசியாக நேரம். கேள்விக்கான அறிவிப்பைக் குறைந்தது 15 முழு நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான். கூட்டத்தொடர் தொடங்கியபின் போய் மனு கொடுத்தால் முதல் இரண்டு வாரம் கையை விட்டுப் போயிருக்கும். மழைக்காலத் தொடர் வழக்கமாக ஜூலையில், குளிர்காலத் தொடர் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, பட்ஜெட் தொடர் ஜனவரி இறுதியில். அதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் சங்கம் நேரம் வாங்கிக்கொள்ளட்டும். மனுவோடு கேள்வியின் ஆங்கில வடிவம் ஒன்றையும் தட்டச்சு செய்து எடுத்துச் செல்லுங்கள், எம்.பி.யின் உதவியாளர் அதை அன்றே மக்களவைச் செயலகத்துக்கு அனுப்பிவிட முடியும்.