படைப்புழுவைத் தாங்கும் சோளத்தை நம் தோட்டத்திலேயே தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: கோப்பாயில் கிணற்று நீரில் சோளம் செய்கிறேன். போன மாரியில் படைப்புழு தின்ற தோட்டத்தில் மூன்று செடிகள் மட்டும் தப்பின. அவற்றின் பொத்திகளை விதைக்கு எடுத்தேன். இம்முறை அவையும் மிஞ்சவில்லை. முதலில் வாங்கியது கலப்பின விதை. எங்கே பிழை?

பதில்: அந்த மூன்றும் பெரும்பாலும் தற்செயலாகத் தப்பியவை. படைப்புழுவின் தாயான அந்துப்பூச்சி எல்லாச் செடியிலும் முட்டை இடாது; ஓரிடத்தில் 100 முதல் 200 வரை குவியலாக இடும். பொரித்த புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றோடு அயல் செடிகளுக்குப் போகும். மாரி மழை குருத்தில் தேங்கினால் குஞ்சுப் புழு மூழ்கிச் சாகும். இப்படிப் புழு எட்டாமல் போன செடியும் பார்வைக்கு எதிர்ப்புள்ள செடி போலத்தான் இருக்கும். போதாததற்கு, கலப்பின விதையின் அடுத்த தலைமுறை குணம் பிரிந்து, வீரியமும் குறைந்து வரும்.

ருவான், பத்ரா போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இனத்தில், அதாவது விதை எடுத்து மீண்டும் நடக்கூடிய இனத்தில், தொடங்குங்கள். 30 நல்ல பொத்திகளை எடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனிப் பையில் இலக்கமிட்டு வையுங்கள். ஒவ்வொன்றிலும் பாதியை மட்டும் விதையுங்கள். தேர்வானவற்றை அடுத்த போகத்தில் நட மிச்சப் பாதி தேவை; அது தொலைந்தால் முழு உழைப்பும் வீண்.

தோட்டத்தை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பொத்திக்கு ஒரு வரி, வரிக்கு 10 செடி. ஐந்து வரிக்கு ஒருமுறை, புழு எளிதில் தின்னும் ஓரினத்தை ஒப்பீட்டுக்கு நடுங்கள். 60 × 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் மொத்தம் 720 செடிகள். அரைப் பரப்புக்குச் சற்றுக் கூடிய காணி வேண்டும். பசளை சீராக இருக்கட்டும். ஓரிடத்தில் எரு கூடினால் அங்குள்ள செடியின் தழைப்பு உங்கள் கணக்கைக் குழப்பும்.

இனிப் புழு. எந்தச் செடியும் தற்செயலாகத் தப்பாமலிருக்க, எல்லாச் செடியிலும் புழுவை நாமே விட வேண்டும். செடிக்கு 10 என்றால் 7,200 குஞ்சுகள், ஏறத்தாழ 50 முட்டைக் குவியல்கள். தோட்டத்தில் தேடினால் ஒரே நாளில் இவ்வளவு கிடைக்காது. பெரிய புழுக்களைப் பிடித்துக் கிண்ணத்துக்கு ஒன்றாக வளருங்கள். சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அந்துப்பூச்சியானதும் வலை மூடிய வாளியில் விட்டு, 10 சதவீதச் சீனிக் கரைசலைப் பஞ்சில் நனைத்து வையுங்கள். உள்ளே தொங்கும் தாளில் முட்டை இடும். முட்டை கறுத்தால் பொரிக்கப் போகிறது என்று அர்த்தம். முளைத்து இரண்டு மூன்று கிழமையான செடியின் குருத்தில், மழையில்லாத மாலையில், மென்தூரிகையால் குஞ்சுகளை விடுங்கள். ஒரு துண்டை ஒரே நாளில் முடியுங்கள். மற்றதை இன்னொரு நாளுக்கு வைக்கலாம்.

7ஆம் நாளும் 14ஆம் நாளும் செடிக்குச் செடி 1 முதல் 9 வரை புள்ளி இடுங்கள். ஊசித் துளை மட்டும் என்றால் 1, இலையில் நீளக் கிழிசல்கள் என்றால் 5 அளவில், குருத்தே அழிந்தால் 9. அதுவரை மருந்து கூடாது. அயல் தோட்டத்து மருந்துத் தூவானமும் படக்கூடாது. ஒற்றைச் செடியின் புள்ளியை நம்பாதீர்கள், இரு துண்டுகளிலும் வரியின் சராசரியைப் பாருங்கள். ஒப்பீட்டு வரிகளே 3, 4 என்று வந்தால் புழு சரியாகப் பிடிக்கவில்லை. அந்தத் துண்டின் கணக்கைக் கைவிடுங்கள்.

சிறந்த 8 வரிகளின் மிச்ச விதையை அடுத்த போகத்தில் நடுங்கள். இதற்குக் குறைத்தால் உள்ளினக் கலப்பால், அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளே தமக்குள் சேர்வதால், விளைச்சல் விழும். பிற சோளத்திலிருந்து 200 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும்; நம் நெருக்கமான தோட்டங்களில் அது நடவாது என்பதால் கையால்தான் சேர்க்க வேண்டும். மயிர் வெளிவருமுன் பொத்திக்கு எண்ணெய்த்தாள் உறை, முதல்நாள் மாலை ஆண்பூவுக்குக் கடதாசிப் பை. காலை 8 முதல் 10 மணிக்குள் பையைத் தட்டி மகரந்தத்தை எடுத்து, வேறு வரியின் பொத்தி மயிரில் தூவி உடனே மூடுங்கள். வெயில் ஏறினால் மகரந்தம் செத்துவிடும்.

ஒரு சுற்றுக்கு இரு போகம் செல்லும். பல மரபணுக்கள் சேர்ந்து தரும் குணம் என்பதால் முன்னேற்றம் மெதுவாகவே வரும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் உருவாகி 1990இல் பதிவான எம்பி708 என்ற தூய சோள வகை, கடிபட்ட குருத்தில் ஒரு புரதச் சிதைப்பு நொதியைச் சேர்த்துப் புழுவின் குடல் உறையையே சேதமாக்கும். அப்படிப்பட்ட வகையும் புழுவை முற்றாகத் தடுப்பதில்லை, வளர்ச்சியைத்தான் குன்றச் செய்கிறது. உங்கள் தேர்விலும் புழு இருக்கும். சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.