ரசிகர் அல்ல, நேயர்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த வானொலிப் பேச்சாளர்கள் யார் யார்? அவர்கள் பேச்சில் அப்படி என்ன இருக்கிறது? சுருக்கமாகச் சொல்லவும்.
– வானொலி ரசிகன்

பதில்: நீங்கள் போட்ட கையெழுத்திலேயே நின்றுவிட்டேன். சினிமாவுக்கு ரசிகர் உண்டு, பத்திரிகைக்கு வாசகர் உண்டு. வானொலி கேட்பவருக்குத் தமிழில் நேயர் என்று பெயர். நேயம் என்றால் அன்பு. பழைய பக்திப் பாடல்களில் இறைவன்மேல் வைக்கிற அன்புக்கு வருகிற அதே சொல். காதால் கேட்பவரைக் 'கேட்பவர்' என்று சொல்லியிருந்தாலே போதும். ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். நாம் அன்பர் என்று வைத்துக்கொண்டோம். முகம் தெரியாத ஒருவரை, அவர் சமையல்கட்டில் இருக்கிறாரா வண்டியில் போகிறாரா என்றுகூடத் தெரியாமல், வாயைத் திறந்ததுமே அன்பரே என்று அழைக்கும் தொழில் அது. எனக்குப் பிடித்தவர்கள் எல்லாருமே அந்தச் சொல்லை மனதார நம்பிப் பேசியவர்கள்.

முதலில் தென்கச்சி கோ. சுவாமிநாதன். சென்னை வானொலியில் காலை நேரத்தில் 'இன்று ஒரு தகவல்'. சில நிமிடங்கள்தான். ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லாத, பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். அவர் விவசாயம் படித்தவர், விவசாய நிகழ்ச்சிகளில் பேசிப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் அவரை உருவாக்கியது என்று நான் நினைக்கிறேன். எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்று வானொலியில் சொன்னால் ஒரே தடவையில் புரிய வேண்டும். கேட்பவர் பக்கத்தைத் திருப்பி மறுபடி படிக்க முடியாது. புரியவில்லை என்றால் பயிர் போய்விடும். அந்தப் பொறுப்போடு வாக்கியம் அமைத்துப் பழகியவர் தத்துவம் பேசினாலும் அதே தெளிவோடுதான் பேசுவார்.

தகவலைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு குட்டிக் கதை சொல்வார். அது சிரிப்பில் முடியும். அவர் சிரிக்க மாட்டார், நாம் சிரிப்போம். அதே கதையை அன்று மதியம் அலுவலகத்தில் யாராவது திருப்பிச் சொன்னால் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சொல்கிறவர் தானே சிரித்துக்கொண்டு சொல்கிறார், கடைசி வரி வருவதற்குள் அவசரப்பட்டுவிடுகிறார். தென்கச்சியார் கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார். வானொலியில் எதிரே யாரும் இல்லை, சிரிப்புச் சத்தம் திரும்பி வராது. அந்த நிசப்தத்தில் நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் இந்நேரம் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையும் வேண்டும். 2009-இல் அவர் காலமானார். காலை வேளையில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இலங்கை வானொலிக்கு வருகிறேன். கே.எஸ். ராஜாவின் வேகம் தனி ரகம். அவ்வளவு வேகத்திலும் ஓர் எழுத்துகூட மழுங்காது. பி.எச். அப்துல் ஹமீத் நேர் எதிர், நிதானமானவர். பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியில் எழுத்தைக் கொடுத்துவிட்டு, போட்டியாளர் திணறும்போது அவர் காட்டும் பொறுமையைக் கவனித்திருக்கிறீர்களா? தப்பாகப் பாடியவரைக்கூட அவமானப்படாமல் மேடையிலிருந்து இறக்கிவிடுவார். அவர் வாயில் ழகரம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். 'வாளைப்பளம்' என்று இன்று காதில் விழுந்தால் எங்களுக்கு உடம்பு பதறுவதற்கு அதுதான் காரணம்.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. பாடலின் முன்னிசை ஓடும்போது அதன்மேல் பேசுவது அநியாயம் என்று இதே பக்கத்தில் முன்பு எழுதினேன். 'பல்லவி தொடங்கும் விநாடிக்குச் சரியாகப் பேச்சை முடிப்பது ஒரு வித்தை, உங்களுக்கு அது தெரியவில்லை' என்று பண்பலைக்காரர்கள் சிலர் கோபமாகப் பதில் போட்டார்கள். வித்தைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இருபது விநாடிக்காக வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து எத்தனை தடவை வாசித்துப் பார்த்திருப்பார்கள்! பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிடுகிற அறிவிப்பாளர்தான் பாட்டையும் நேயரையும் சேர்த்து மதிக்கிறார். இதில் நான் மாறப்போவதில்லை.

இந்தியில் அமீன் சயானி. 1952-இல் இலங்கை வானொலியில் பினாக்கா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கியவர். 'பெஹனோ அவுர் பாயியோ' என்று சகோதரர்களுக்கு முன்னால் சகோதரிகளை அழைத்தவர். அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மொழியை அவர் எங்கே கற்றார் என்பது. அவருடைய தாய் குல்சும் சயானி, புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்காக 'ரஹ்பர்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் கூடமாட வேலை செய்த பையன் அமீன். நேற்றுத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஒருவருக்குப் புரியும்படி எழுத வேண்டிய இடம் அது. அங்கே பழகிய எளிமையைத்தான் பிறகு நாடே கேட்டது. நாளை ஒரு பையனோ பெண்ணோ வானொலிக்குப் போக ஆசை என்று என்னிடம் வந்தால், குரல் பயிற்சிக்கு அனுப்பமாட்டேன். முதியோர் கல்வி வகுப்பில் ஆறு மாதம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வா என்பேன்.

அமெரிக்காவில் வேறொரு ரகம் பெருகியது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாற்றுத் தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை 1987-இல் நீக்கினார்கள்; 1988-இல் ரஷ் லிம்பா என்ற அரசியல் பேச்சாளர் நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கினார். தினமும் மூன்று மணி நேரம், பெரும்பாலும் விருந்தினர் இல்லாமல் பேசுவது சாதாரணத் திறமை இல்லை. ஆனால் அவருக்குப் பேச ஓர் எதிரி தேவைப்பட்டார். நேயரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மூன்றாமவரைத் திட்டுவது வேறு, நேயரோடு பேசுவது வேறு.

அதே நாட்டில்தான் மாக்லியோட்ஸி சகோதரர்கள், டாமும் ரேயும். இருவருமே மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் படித்தவர்கள், அப்புறம் கார் பட்டறை வைத்தவர்கள். பாஸ்டனில் 1977-இல் 'கார் டாக்' தொடங்கி, 1987 முதல் நாடு முழுக்கப் பேசி, 2012-இல் நிறுத்தினார்கள். பழுதான காரைப் பற்றி நேயர்கள் தொலைபேசியில் கேட்பார்கள், இவர்கள் பதில் சொல்வார்கள். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத் தெரிகிறது அல்லவா? ஆனால் காரைக் கண்ணால் பார்க்க முடியாதே! அதனால் 'என்ன சத்தம் வருகிறது?' என்று கேட்பார்கள். மறுமுனையில் படித்த, மரியாதையான ஒருவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, கர்ர்ர்ர் டக் டக் என்று வாயாலேயே கார் ஓட்டிக் காட்டுவார். 'திருப்பத்திலா, நேர் ரோட்டிலா?' என்பார்கள். திருப்பத்தில் வரும் சத்தம் வேறு, அதையும் செய்து காட்டுவார். உடனே டாம் சிரிப்பார். உருண்டு வரும் அந்தச் சிரிப்பில் ஏளனம் துளியும் கிடையாது. சிரித்து முடித்ததும் எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது என்று சரியான நோயறிதலும் வரும். எனக்குக் கார் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனாலும் அவர்களை மணிக்கணக்கில் கேட்கலாம்.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். முன்பு ஆலோசனை கேட்ட ஒருவரை மறுபடி அழைத்து, 'நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா?' என்று நேயர்கள் எல்லாரும் கேட்கும்படி விசாரிப்பார்கள். தப்பு என்றால் அதுவும் ஒலிபரப்பாகும். பத்திரிகைத் தொழிலில் இது நடக்கிறதா, சொல்லுங்கள்? முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தப்பு செய்துவிட்டு, பத்தாம் பக்கத்தின் மூலையில் எறும்பு எழுத்தில் 'திருத்தம்' போடுகிறோம். தப்பு வந்த அதே இடத்தில், அதே அளவில் திருத்தமும் வர வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். கேள்வி-பதில் பக்கம் இன்னும் மோசம். பதில் சொன்னதோடு கேட்டவரை மறந்துவிடுகிறோம்.

சரி, இங்கிருந்தே தொடங்குகிறேன். மூன்று மாதம் முன்பு ஒரு வாசகி, பேச்சுப் போட்டியில் மகன் பாதியில் உறைந்துபோகிறான், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். மனப்பாடம் செய்யவிடாதீர்கள், வீட்டில் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அம்மா, இதற்குள் போட்டி முடிந்திருக்கும். பையன் பேசினானா? மறுபடி உறைந்துபோயிருந்தாலும் எழுதுங்கள். இதே பக்கத்தில், இதே அளவு எழுத்தில் போடுகிறேன்.