துருவை ஆராய்வது ஒரு வாழ்க்கைத்தொழில் ஆகுமா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வேதியியலில் முதுநிலைப் பட்டம் முடித்த உங்கள் மகள், உலோக ஆக்சைடு நானோ கட்டமைப்புகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய அமைப்புகளை, கொண்டு உலோக அரிப்பைத் தடுப்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறார் என்றும், துருவை ஆராய்ந்து ஐந்து ஆண்டுகளைக் கழித்தபின் யார் வேலை கொடுப்பார்கள் என்ற கவலை உங்களை விட்டு நீங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பெற்றவருக்கு வரக்கூடிய நியாயமான கவலைதான். ஆனால் அரிப்பு என்ற துறையைக் குறித்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஆய்வில் 'நானோ' என்ற சொல்லின் கவர்ச்சி எவ்வளவு, உண்மையான அளவீடு எவ்வளவு என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அரிப்பினால் உலகம் இழப்பது சிறு தொகையன்று. அரிப்புத் தடுப்புத் துறையினரின் பன்னாட்டு அமைப்பான நேஸ் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த இழப்பை ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்று கணக்கிட்டது. அது உலக மொத்த உற்பத்தியில் 3.4 விழுக்காடு. ஏற்கெனவே அறிந்த முறைகளை ஒழுங்காகக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அதே ஆய்வு கூறியது. குழாய்களும் கப்பல்களும் பாலங்களும் இருக்கும் வரை இந்தச் சிக்கலும் இருக்கும். ஆகவே, இதைப் புரிந்துகொண்டவர்களின் தேவையும் குறையாது.

உங்கள் மகள் எதை ஆராயப் போகிறார் என்பதை நீங்களும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது; அப்போதுதான் அவருடன் பேச முடியும். இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து துருவாகும்போது பருமன் பெருகி, மேற்பரப்பில் ஒட்டி நிற்காமல் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மீண்டும் துருப்பிடிக்கிறது. அலுமினியத்தின் ஆக்சைடோ உலோகத்தோடு இறுகப் படிந்து, தானே காவலாகிவிடுகிறது. ஆங்கிலேய உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி 1913-இல் உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் இரகசியமும் இதுதான்: அதில் கலந்துள்ள குரோமியம், சில நானோமீட்டர் (மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) தடிமனே உள்ள ஓர் ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்குகிறது, கீறல் விழுந்தால் அந்தப் படலம் தன்னைத்தானே மீட்டுக்கொள்கிறது. அதாவது, உலோகத்தைத் தின்னும் ஆக்சைடும் அதைக் காக்கும் ஆக்சைடும் ஒரே வேதிவினையின் இரு முகங்கள். எந்தச் சூழலில் எந்த முகம் வெளிப்படும் என்பதை அறிவதும், காக்கும் முகத்தை நாமே திட்டமிட்டு வளர்ப்பதும்தான் இந்த ஆய்வு. இவ்வளவு அழகான ஒரு கேள்வியை நோக்கி ஒரு மாணவி ஈர்க்கப்படுவதில் வியப்பில்லை.

வளர்க்கும் வேலை கண்ணைக் கவரக்கூடியது. அலுமினியத்தை அமிலக் கரைசலில் நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், தேன்கூடு போன்ற நுண்துளை வரிசைகள் உருவாகின்றன. அவற்றை மிக ஒழுங்காக அமைக்கலாம் என்று ஜப்பானைச் சேர்ந்த மசூதாவும் புகுதாவும் 1995-இல் காட்டினார்கள். டைட்டானியத்தில் நானோ குழாய்களை வளர்க்கலாம். துத்தநாக ஆக்சைடில் தண்டுகளையும் மலர் போன்ற வடிவங்களையும் உண்டாக்கலாம். மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த அந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் மயங்கும்.

நான் எச்சரிக்க விரும்புவது இந்த இடத்தில்தான். நானோ கட்டமைப்பு என்றால் மேற்பரப்பு பெருகுகிறது. மேற்பரப்பு பெருகினால் வினைபுரியும் இடமும் பெருகுகிறது. துளைகளை மூடாமல் விட்டால், உப்பு நீரிலுள்ள குளோரைடு அயனிகள் அவற்றின் வழியே உள்ளே இறங்கி உலோகத்தை அடைந்துவிடும். எனவே, அழகான படம் ஒன்றை எடுத்துவிட்டு, உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் வைத்து, அரிப்பு குறைந்தது என்று எழுதி முடிக்கும் ஆய்வில் உங்கள் மகள் கற்றுக்கொள்வது மிகக் குறைவாகவே இருக்கும். பூச்சு நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் எப்படி மாறுகிறது, எப்போது தோற்கிறது, ஏன் தோற்கிறது என்று தொடர்ந்து அளக்கும் ஆய்வகமே அவரை ஓர் அறிவியலாளராக்கும். மாணவர்களிடம் இதை வலியுறுத்திச் சொல்லும்போது சிலருக்குச் சோர்வு வருகிறது. ஆயினும் அரிப்பு மெதுவாக நடப்பது, அதை அவசரமாக ஆராய முடியாது.

இதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டன் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதியில் இருந்த செப்புத் தகடுகளோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்துச் செப்பின் அரிப்பை நிறுத்தினார். முறை பலித்தது. ஆனால் செப்பு கரைவது நின்றதும், அதுவரை அந்த நச்சுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த சிப்பிகளும் பாசிகளும் கப்பலில் ஒட்டி வளர்ந்து, அதன் வேகத்தைக் குறைத்தன. ஆய்வகக் குடுவையில் இந்த விளைவு தெரிந்திருக்காது, கடல்தான் காட்டியது.

வேலைவாய்ப்புக்கு வருகிறேன். எண்ணெய், எரிவாயுக் குழாய்கள், கப்பல் கட்டுமானம், விமானம், அணுமின் நிலையம், பூச்சு உற்பத்தி, உடலில் பொருத்தும் உலோக உறுப்புகள், பழுதாய்வு ஆகிய அனைத்திலும் இத்துறையினருக்கு இடம் உண்டு. புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறக் குரோமியப் பூச்சுகளுக்குக் கட்டுப்பாடுகள் இறுகிவருவதால், சீரியம் ஆக்சைடு போன்ற மாற்றுகளைத் தேடும் பணியும் நடந்துகொண்டிருக்கிறது. மாறுமின்னோட்டத்தைக் கொண்டு மேற்பரப்பின் நிலையை அளக்கும் மின்மறுப்பு நிறமாலையியலில் அவர் தேர்ச்சி பெற்றால், அதே திறன் மின்கல ஆய்விலும் எரிபொருள் கல ஆய்விலும் பயன்படும். கல்விப்பணி மட்டுமே இலக்கு என்றால், நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கான போட்டி கடுமையானது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தொழில்துறைக்குச் செல்ல விரும்பினால், நேஸ், பூச்சுத் துறை அமைப்பான எஸ்எஸ்பிசி ஆகிய இரண்டும் இணைந்து 2021-இல் உருவான ஏஎம்பிபி அமைப்பின் பூச்சு ஆய்வாளர் சான்றிதழ் ஒன்றையும் பெறுவது பயன் தரும்.

சேருமுன், ஆய்வகத்தை அவர் நேரில் பார்க்க வேண்டும். பொட்டென்ஷியோஸ்டாட் என்ற மின்வேதிக் கருவி அங்கேயே இருக்கிறதா, வாரம் ஒருநாள் வேறிடத்தில் கடன் வாங்க வேண்டுமா என்று கேட்கட்டும். ஒவ்வோர் அளவீட்டையும் குறைந்தது மூன்று மாதிரிகளில் திரும்பச் செய்கிறார்களா, 35 டிகிரி வெப்பநிலையில் 5 விழுக்காடு உப்புக் கரைசலைத் தெளிக்கும் ஏஎஸ்டிஎம் பி117 என்ற தரநிலைச் சோதனைக்கு வசதி உண்டா, அங்கு முன்பு பயின்ற மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதையும் விசாரிக்கட்டும். தோற்ற மாதிரிகளைப் பற்றித் தயங்காமல் பேசும் வழிகாட்டி கிடைத்தால், அவரை விட்டுவிட வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நானோ துகள்களைப் பொடியாகக் கையாளும்போது சுவாசத்தில் கலக்காதபடி புகைபோக்கிக் கூண்டுக்குள்தான் வேலை செய்ய வேண்டும். டைட்டானிய நானோ குழாய்களை வளர்க்கும் கரைசல்களில் ஃபுளுரைடு உப்போ ஹைட்ரோஃபுளுரிக் அமிலமோ இருக்கும். அந்த அமிலம் தோலில் பட்டால் தொடக்கத்தில் வலிகூடத் தெரியாமல் உள்ளே ஊடுருவி, எலும்பு வரை பாதிக்கக்கூடியது. அதற்கான முதலுதவி கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. ஆய்வகத்தைப் பார்க்கச் செல்லும் நாளில், அந்தக் களிம்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அங்குள்ள ஏதேனும் ஒரு மாணவரிடம் உங்கள் மகள் கேட்கட்டும். அவர் யோசிக்காமல் இடத்தைக் காட்டினால், அங்கே சேர்வதைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.