ப்ளூஸ் எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கிறது? – கேள்வி பதில்

ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பொறந்த இசை, அதைப் பத்தி எதுனாலும் கேளுங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை சேர்த்துட்டேன். என் பதில் எல்லாத்துலயும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும், இப்பவே சொல்லிடறேன்: ப்ளூஸை வரலாற்று வரிசையில கேக்காதீங்க. நல்லா ரெக்கார்ட் ஆன நடுக்காலத்துல நுழைஞ்சு, காது பழகினப்புறம் பின்னாடி போங்க.

கார்த்தி: அண்ணா, இளையராஜா ரஹ்மான் தாண்டி பெருசா எதுவும் கேட்டதில்ல. ஒரே ஒரு ஆல்பம் சொல்லணும்னா எது?

மடி வாட்டர்ஸோட 'ஃபோக் சிங்கர்', 1964ல வந்தது. யோசிக்காம அதைப் போடுங்க. மடி அமெரிக்காவோட தெற்குல இருக்கற மிசிசிப்பி டெல்டாவுல பருத்தித் தோட்டத்துல வேலை பார்த்துட்டு இருந்தவர், 1943ல ரயிலேறி சிகாகோ வந்தார், அங்க கிளப்புல இருக்கற சத்தத்துல சாதா கிதார் எடுபடாதுன்னு எலெக்ட்ரிக் கிதார் எடுத்தார், அப்புறம் சிகாகோ ப்ளூஸ்னு நாம சொல்றதுல பாதி அவர் பேண்ட்ல இருந்து வந்ததுதான். ஆனா இந்த ஆல்பத்துல மட்டும் ப்ளக்கை எல்லாம் பிடுங்கிட்டு திரும்ப மரக் கிதாரோட உக்காந்திருக்கார். கூட ரெண்டாவது கிதார் 27 வயசு பட்டி கய், பேஸ் வில்லி டிக்ஸன். அதனால கிராமத்து ப்ளூஸும் நகரத்து ப்ளூஸும் ஒரே ரூம்ல இருக்கு, அதுவும் அருமையான ரெக்கார்டிங். ராத்திரி ஹெட்ஃபோன்ல முதல் பாட்டு 'மை ஹோம் இஸ் இன் த டெல்டா' போடுங்க. அவர் மூச்சு இழுக்கறது கேக்கும், கம்பி மேல ஸ்லைடு (விரல்ல மாட்டிக்கற குழாய்) உரசற சின்ன சத்தம் கூட கேக்கும். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், அந்த இடைவெளியில கிதார் பதில் சொல்லும். அந்த பதிலை கவனிக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா பாதி கிணறு தாண்டியாச்சு. ஒரு வாரம் வேற எதுவும் போடாதீங்க.

பிரவீன்: எல்லாரும் ராபர்ட் ஜான்சன்ல ஆரம்பின்னு சொல்றாங்க ப்ரோ. கேட்டேன், கரகரன்னு இருக்கு, ஒண்ணும் புரியல. எனக்கு ரசனை இல்லையா?

ரசனை எல்லாம் இருக்கு, கேட்ட நேரம்தான் சரியில்ல. அவர் ரெக்கார்ட் பண்ணது மொத்தமே 29 பாட்டு, 1936 நவம்பர்ல சான் அன்டோனியோவுல, 1937 ஜூன்ல டல்லாஸ்ல, அவ்வளவுதான், 1938ல 27 வயசுல போயிட்டார். அந்தக் கால 78 ஆர்பிஎம் தட்டுல இருந்து எடுத்தது, அப்படித்தான் இருக்கும். உயிரோட இருந்தப்போ பெரிய பேர் கிடையாது, 1961ல கொலம்பியா கம்பெனி 'கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்'னு எல்பி போட்டப்புறம்தான் இங்கிலாந்துப் பசங்க எல்லாம் அதைக் கேட்டு பைத்தியம் ஆனாங்க. நாற்சந்தியில பிசாசுகிட்ட ஆத்மாவை வித்து கிதார் கத்துக்கிட்டார்ங்கற கதையை தயவுசெஞ்சு விட்டுடுங்க. அவர் ஐக் சிம்மர்மேன்னு ஒருத்தர்கிட்ட உக்காந்து முறையா பழகினவர், அந்த உழைப்பை பிசாசு கணக்குல எழுதறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒரு மூணு மாசம் கழிச்சு திரும்ப வாங்க, 'கம் ஆன் இன் மை கிச்சன்' மட்டும் கேளுங்க. பாட்டு நடுவுல குரலை இறக்கி, காத்து ஊளையிடறது கேக்குதான்னு பக்கத்துல இருக்கற ஆள்கிட்ட கேக்கற மாதிரி பேச்சுக்குரல்ல கேப்பார், அடுத்த நொடி ஒரே கம்பியில அந்தக் காத்தை வாசிச்சுக் காட்டுவார். கரகரப்பு அப்போ காதுலயே விழாது.

ஷாலினி: ப்ளூஸ்னாலே அழுகைதானா? எனக்கு ஏற்கெனவே மூட் சரியில்ல, இதுல இது வேறயா?

இல்லவே இல்லம்மா! ப்ளூஸ் சனிக்கிழமை ராத்திரி ஆடறதுக்கான இசை. வாரம் பூரா வயல்லயும் ஃபேக்டரிலயும் முதுகு ஒடிஞ்சவங்க கூடி ஆடிப் பாடின இடத்துல வளர்ந்தது, வலியைச் சொல்லும், ஆனா சொல்லி முடிச்சிட்டு சிரிக்கும். பி.பி. கிங்கோட 'லைவ் அட் த ரீகல்' கேளுங்க, 1964 நவம்பர்ல சிகாகோவுல ரீகல் தியேட்டர்ல எடுத்தது. அதுல 'ஹௌ ப்ளூ கேன் யூ கெட்'னு ஒரு பாட்டு. ஒருத்தன் பொண்டாட்டிக்கு என்னென்ன வாங்கிக் குடுத்தேன், அதுக்கெல்லாம் அவ என்ன குறை சொன்னான்னு வரிசையா புலம்பிட்டே வருவான், கடைசியா ஏழு பிள்ளைங்களையும் குடுத்தேன், இப்போ அதையும் திருப்பிக் குடுக்கணுங்கறான்னு சொல்றப்போ தியேட்டரே கத்தும் பாருங்க, அந்தக் கூட்டத்தோட சத்தம் அந்த ஆல்பத்துல இன்னொரு வாத்தியம். பி.பி. பாடிட்டே வாசிக்க மாட்டார், வாய் மூடினாத்தான் கிதார் பேசும்.

அது முடிஞ்சதும் ஜான் லீ ஹூக்கர், 'பூகி சில்லன்', 1948. ஒரு ஆள், ஒரு கிதார், தரையில தட்டற அவர் கால், வேற யாருமே கிடையாது. கார்டு (சேர்ந்து ஒலிக்கற சுரக்கூட்டு) கூட மாறாது. உக்காந்து கேக்கவே முடியாது, எழுந்து ஆடத் தோணும்.

முரளி: சார், நாலஞ்சு ஆல்பம் கேட்டுட்டேன். நேர்மையா சொல்றேன், எல்லாப் பாட்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு.

அடித்தளம் ஒண்ணுதான், அதனால உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு. பெரும்பாலான பாட்டு 12 பார் (பார்னா நம்ம தாளத்துல ஒரு சுத்து மாதிரி), ஒவ்வொரு பார்லயும் 4 தட்டு. வேணும்னா விரல் விட்டு எண்ணுங்க. முதல் 4 பார் ஸ-வை அடிப்படையா வச்ச கார்டு, அடுத்த 2 ம, திரும்ப 2 ஸ, ஒன்பதாவது பார் ப, பத்தாவது ம, கடைசி ரெண்டும் ஸ-வுக்கே வந்து சேரும். பாட்டு வரியும் மூணுதான், முதல் வரியையே ரெண்டாவது தடவையும் பாடி, மூணாவது வரியில முடிச்சுப் போடுவாங்க. ஒவ்வொரு வரிக்கும் 4 பார்னா அதுல குரல் எடுத்துக்கறது ஏறக்குறைய பாதி, மிச்சம் கிதாருக்கோ ஹார்மோனிக்காவுக்கோ (மௌத் ஆர்கன்தான்).

வெண்பாவுக்கு இலக்கணம் ஒண்ணுதான், ஆனா ஔவையாரும் காளமேகமும் ஒண்ணா? அது மாதிரிதான் இதுவும். ஒரே நாள்ல ஹௌலின் வுல்ஃபையும் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டையும் அடுத்தடுத்து போடுங்க. வுல்ஃப் மலை மாதிரி ஆள், குரல் ஜல்லியை அரைக்கற மாதிரி வரும், 1959ல வந்த 'மோனின் இன் த மூன்லைட்'ல 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' பாட்டு ஒரே கார்டுல நிக்குது, 12 பாரே கிடையாது. ஹர்ட் திண்ணையில உக்காந்து பேரப்பிள்ளைங்களுக்கு பாடற மாதிரி பாடுவார். அதுக்கப்புறமும் ஒண்ணு மாதிரியே இருந்தா எழுதுங்க, வேற வழி பார்ப்போம்.

வித்யா: நான் வீணை கத்துக்கறேன். ப்ளூஸ்ல வர்ற அந்த வளைவு நம்ம கமகம் மாதிரியே இருக்கே, சம்பந்தம் இருக்கா?

வரலாற்று சம்பந்தம் கிடையாது, அது ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா கொண்டு வரப்பட்டவங்களோட பாட்டு மரபுல வளர்ந்தது. ஆனா உங்க காதுக்கு மத்தவங்களை விட சீக்கிரம் பிடிபடும், ஏன்னா ப்ளூஸ் பாடறவங்களோட காந்தாரம் சாதாரண காந்தாரத்துலயும் நிக்காது, அந்தரத்துலயும் நிக்காது, ரெண்டுக்கும் நடுவுல அலையும். நிஷாதமும் அப்படியே. பியானோவுல அந்த இடத்துக்கு கட்டையே இல்ல, அதனாலதான் கம்பியை இழுக்கறாங்க, இல்லன்னா பாட்டில் கழுத்தை விரல்ல மாட்டி கம்பி மேல வழுக்கறாங்க. கோட்டுவாத்தியம் கேட்டவங்களுக்கு அந்த ஓசை புதுசே இல்ல.

நீங்க ஆரம்பிக்க வேண்டியது ப்ளைண்ட் வில்லி ஜான்சன், 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்', 1927ல டல்லாஸ்ல எடுத்தது. அவர் பாடினது எல்லாம் பக்திப் பாட்டு, ப்ளூஸ்காரர்னு சொல்லலாமான்னு சண்டை போடறவங்க உண்டு, ஆனா அந்த ஸ்லைடைக் கேட்டப்புறம் எனக்கு அந்த சண்டை தேவைப்படல. இந்தப் பாட்டுல வார்த்தையே கிடையாது, முனகல் மட்டும்தான், குரல் விட்ட இடத்துல கம்பி எடுக்கும், கம்பி விட்ட இடத்துல குரல். 1977ல வாயேஜர் விண்கலத்துல வச்சு அனுப்பின தங்கத் தட்டுல இந்தப் பாட்டு இருக்கு, அதே தட்டுல இந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்கரும் இருக்காங்க. அடுத்தது அமெரிக்கக் கிதார்காரர் ரை கூடரும் நம்ம விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசிச்ச 'எ மீட்டிங் பை த ரிவர்', 1993. கிராமி வாங்கினது. ரெண்டு ஸ்லைடு, ரெண்டு மரபு, யாரும் யாரையும் முந்த நினைக்கல.

தமிழினி: லிஸ்ட் எல்லாம் ஆம்பளைங்களாவே இருக்கே?

நல்லா கேட்டீங்க, ஏன்னா ரெக்கார்டுல ப்ளூஸை ஆரம்பிச்சு வச்சதே பெண்கள்தான். 1920ல மேமி ஸ்மித் பாடின 'க்ரேஸி ப்ளூஸ்' பிச்சுக்கிட்டு வித்தப்புறம்தான் கறுப்பின மக்கள் காசு குடுத்து ரெக்கார்டு வாங்குவாங்கன்னே கம்பெனிகளுக்கு உறைச்சுது. அப்புறம் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித். கிதாரோட தனியா பாடின டெல்டா ஆம்பளைங்க எல்லாம் அதுக்கப்புறம் வந்தவங்க. பெஸ்ஸி 1925ல பாடின 'செயிண்ட் லூயிஸ் ப்ளூஸ்' கேளுங்க, கூட கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஊதற வாத்தியம்) வாசிக்கறது லூயி ஆம்ஸ்ட்ராங், வயசு இருபத்தி சொச்சம், ஒவ்வொரு வரிக்கும் பதில் குடுத்துட்டே வருவார்.

மெம்ஃபிஸ் மின்னியை விட்டுடாதீங்க, கிதார்ல புலி. 1927ல மிசிசிப்பி ஆறு கரையை உடைச்சு ஊர் ஊரா அழிச்ச வெள்ளத்தைப் பத்தி 1929ல அவங்களும் கணவர் ஜோ மெக்காயும் ரெக்கார்ட் பண்ண 'வென் த லெவி ப்ரேக்ஸ்'ஐத்தான் 1971ல லெட் செப்பலின் ராக் பேண்ட் எடுத்தாங்க. 'ஹௌண்ட் டாக்' எல்விஸ் பாட்டுன்னு நினைச்சிட்டு இருந்தா பிக் மாமா தார்ன்டன் 1953ல விட்டதைக் கேளுங்க, அப்புறம் எல்விஸோடது கேக்கறப்போ சப்புன்னு இருக்கும். சிகாகோ ப்ளூஸுக்கு கோகோ டெய்லரைக் கேளுங்க.

அருண்: மௌத் ஆர்கன் வாங்கலாம்னு இருக்கேன், யாரைக் கேக்கணும்?

லிட்டில் வால்டர். ஹார்மோனிக்காவையும் மைக்கையும் சேர்த்து கைக்குள்ள பொத்தி ஆம்ப்ல விட்டு ஊதினார், அது சாக்ஸபோன் மாதிரி தடிமனா வந்துச்சு, 1952ல 'ஜூக்' ஹிட் ஆனப்புறம் எல்லாரும் அப்படியே ஊத ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஜூனியர் வெல்ஸோட 'ஹூடூ மேன் ப்ளூஸ்', 1965, கூட பட்டி கய். வாங்கறப்போ பத்து ஓட்டை டயடோனிக் சி ஸ்கேல் வாங்குங்க, பட்டன் வச்சது வேண்டாம். அதுல ப்ளூஸ் ஜி-யில வாசிப்பாங்க, ஊதறதை விட உறிஞ்சறதுலதான் அந்த வளைவு கிடைக்கும்.

ஃபைசல்: இங்கிலாந்து கிதார்காரர் எரிக் கிளாப்டன் வழியா வந்தவன் நான். கிதாருக்கு யாரைக் கேக்கலாம்?

ஆல்பர்ட் கிங், 'பார்ன் அண்டர் எ பேட் சைன்', 1967. இடது கைக்காரர், வலது கை கிதாரை கம்பி மாத்தாம தலைகீழா பிடிச்சு வாசிச்சார், அதனால மெல்லிசு கம்பியை மேல தள்ளாம கீழ இழுக்கறார், அந்த இழுப்பு வேற யாருக்கும் வராது. கிளாப்டன் அவர்கிட்ட இருந்து எவ்வளவு எடுத்திருக்கார்னு முதல் பாட்டுலயே தெரிஞ்சிடும். பின்னாடி வாசிக்கறது புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ் பேண்ட். அடுத்து மேஜிக் சாமோட 'வெஸ்ட் சைட் சோல்'.

சுகந்தி: ஆப்ல தேடினா ஒவ்வொருத்தருக்கும் நூறு 'பெஸ்ட் ஆஃப்' வருது. எதை நம்பறது?

இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பேர் தெரியாத கம்பெனி போட்ட தொகுப்புல வயசான காலத்துல திரும்பப் பாடினது, ஒலியை நாசம் பண்ணது எல்லாம் கலந்திருக்கும். ஒரிஜினல் கம்பெனி பேரைப் பாருங்க: மடி, வுல்ஃப், லிட்டில் வால்டர்னா செஸ், மேஜிக் சாம், ஜூனியர் வெல்ஸ்னா டெல்மார்க். சானி பாய் வில்லியம்சன்னு ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டு பேருமே ஹார்மோனிக்காதான், செஸ்ல பாடினவர் ரெண்டாமவர், ஆப்ல ரெண்டு பேரையும் சில சமயம் ஒரே பக்கத்துல போட்டுடறாங்க. மடியோட 'எலெக்ட்ரிக் மட்' முதல்ல கேக்க வேண்டாம், 1968ல சைகடெலிக் ராக் கேக்கற கூட்டத்துக்காக செஞ்சது. அவரோட முழு பலம் வேணும்னா 1977ல ஜானி விண்டர் தயாரிச்ச 'ஹார்ட் அகெய்ன்', முதல் பாட்டு 'மேனிஷ் பாய்', பின்னாடி கூட்டமா கத்தறாங்களே, அது ஸ்டுடியோவுல இருந்தவங்களே கத்தறது.

ராகவ்: எங்க அப்பாவுக்கு 68 வயசு, சத்தமான எதுவும் பிடிக்காது. அவருக்கு எது?

மேல சொன்ன மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928ல சில பாட்டு ரெக்கார்ட் பண்ணார், விக்கல, ஊருக்குத் திரும்பி விவசாயக் கூலியாவே இருந்துட்டார். 35 வருஷம் கழிச்சு, அவர் பாட்டுல அவலான்னு ஒரு ஊர் பேர் வருதேன்னு அதைப் பிடிச்சு 1963ல ஒருத்தர் தேடிப் போனா, ஆள் அங்கேயேதான் இருக்கார், வாசிக்கவும் முடியுது. அப்புறம் நியூபோர்ட் நாட்டுப்பாட்டு விழா மேடை, ஊர் ஊரா கச்சேரி, 1966ல இறந்துட்டார். அந்த கடைசிக் காலத்துல எடுத்த 'டுடே' ஆல்பத்தைப் போட்டுக் காட்டுங்க. கட்டைவிரல் பாட்டுக்கு பேஸ் போட்டுட்டே இருக்கும், மத்த விரல் ராகத்தை எடுக்கும், ரெண்டு பேர் வாசிக்கறாங்கன்னுதான் அப்பா நினைப்பார்.

நித்தின்: எல்லாரும் செத்துப் போனவங்க. இப்போ யாரும் இல்லையா அண்ணா?

இருக்காங்கப்பா. கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ரம், 1999ல பொறந்த பையன், மடி வளர்ந்த தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கற க்ளார்க்ஸ்டேல் ஊர்க்காரன். 2019ல வந்த 'கிங்ஃபிஷ்' ஆல்பத்துல ஆரம்பி, 2021ல வந்த '662'க்கு கிராமி கிடைச்சுது. பெண்கள்ல ஷெமேகியா கோப்லண்ட். ரெண்டு பேரையும் கேட்டுட்டு, எது பிடிச்சுது எது பிடிக்கலைன்னு எழுது, அதை வச்சு அடுத்தது சொல்றேன்.