இஷ்மாயில் பேயாவின் நூல்: நீங்கள் கேட்டவை

எங்கள் ராமநாதபுரம் வாசகர் வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்டது இஷ்மாயில் பேயாவின் 'எ லாங் வே கான்' (2007). மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் உள்நாட்டுப் போரில் (1991–2002) குடும்பத்தை இழந்து, 13 வயதில் அரசுப் படையில் சேர்க்கப்பட்டவரின் தன்வரலாறு. வந்த கேள்விகளில் சில இங்கே.

கல்லூரி மாணவி, கீழக்கரை: சார், இதன் முக்கியக் கருப்பொருள் போர்க் கொடுமைதானே?

அப்படி எழுதினால் மார்க் கிடைக்கும்மா. ஆனால் நூலின் உயிர் சண்டை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. 1996இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் அவரை மீட்டு, தலைநகர் ஃப்ரீடவுனில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கிறது. அங்கே வந்த பையன்கள் திருந்திவிடவில்லை. போதை கிடைக்காமல் தவிக்கிறார்கள், கொடுத்த நோட்டுப் புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள், ஊழியர்களையே அடிக்கிறார்கள். அடி வாங்கியவர்கள் திரும்பி வந்து, 'உன்மேல் தப்பில்லை' என்கிறார்கள். அதைக் கேட்டாலே இஷ்மாயிலுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சொல்லை அவர் நம்ப மாதக்கணக்கில் ஆகிறது. குழந்தைப் பருவத்தைப் பறிப்பது சுலபம், திருப்பிக் கொடுப்பதுதான் பெரும்பாடு. பரீட்சையில் இதை எழுது.

மீனவர், தங்கச்சிமடம்: அண்ணே, அந்த வயசுப் பையன் எப்படி ஆளைச் சுடுவான்?

தானாகச் சுட மாட்டான் தம்பி, பழக்குகிறார்கள். உன் குடும்பத்தைக் கொன்றவன் அந்தக் கிளர்ச்சிக்காரன்தான் என்று ஓதிக்கொண்டே இருப்பார்கள். கஞ்சா, மாத்திரை, வெடிமருந்து கலந்த கோக்கெய்ன். ராத்திரியானால் சண்டைப் படம். அந்தப் படையில் 7 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். துப்பாக்கியைத் தூக்கத் தெம்பில்லை. அதைத் தாங்கி வைக்க ஒரு ஸ்டூல் கொடுக்கிறார்கள். நம் ஊரில் அந்த வயசுப் பிள்ளை கரையில் சங்கு பொறுக்கும்.

ஆசிரியை, பாம்பன்: ராப் பாட்டு எதற்கு இவ்வளவு வருகிறது?

இஷ்மாயில் யார் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான் டீச்சர். கிளர்ச்சிக்காரன் என்று ஒரு கிராமத்தில் பிடித்துக் கட்டியபோது, பையிலிருந்த கேசட்டைப் போட்டு ஆடிக்காட்டித்தான் தப்புகிறார். படையில் புது உடுப்பு கொடுத்து, பழைய துணியைக் கொளுத்துகிறார்கள். கால்சட்டைப் பையில் கேசட். ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் உருகிவிடுகிறது. எனக்கு அந்த நூலிலேயே கனமான பக்கம் அது. அப்புறம் மறுவாழ்வு இல்லத்து நர்ஸ் எஸ்தர் ஒரு வாக்மேனும் கேசட்டும் வாங்கித் தரும்போதுதான் இஷ்மாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவே தொடங்குகிறார்.

ஒரு தாய், மண்டபம் முகாம்: எங்கட பக்கத்துப் பிள்ளையளின்ர கதையும் இதுதானே, ஐயா?

போர் வேறு, காரணம் வேறு, அம்மா. இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனமில்லை. தமிழில் வேண்டுமென்றால், ஈழ இயக்கத்தில் சேர்ந்த ஒரு பையனைப் பற்றிய ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் இருக்கிறது.

வழக்கறிஞர், ராமநாதபுரம்: அவன் கொன்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் சிறுவர்மேல் வழக்குப் போடவில்லை. அவர்களைப் படையில் சேர்த்த தளபதிகளை 2007இல் தண்டித்தது. கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவிய பக்கத்து நாடான லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறை. சட்டக் கணக்கு அதோடு சரி. ஆனால் செத்தவர்களின் வீட்டார் இந்த நூலில் பேசுவதே இல்லை. எனக்கு அது குறைதான்.