பணத்துக்கும் வில்லங்கம் பார்ப்பார்கள்

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் குடியிருக்கிறேன். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக வேலை. மனைவி புதுச்சேரியில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நாலு வயதில் ஒரு மகள். கனடாவில் குடியேற, திறன் பெற்ற பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில், ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் விண்ணப்பிக்கப் போகிறேன். அங்கே வேலை எதுவும் உறுதியாகவில்லை, அதனால் குடியேறும் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். வங்கியில் மூன்றரை லட்சம் டெபாசிட் இருக்கிறது. மாமனார் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பை விற்றார். வங்கியில் வந்த 9 லட்சத்தையும், ரொக்கமாக வந்த 4 லட்சத்தையும் எனக்கே தருவதாகச் சொல்கிறார். போதாததற்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா, 5 லட்சம் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஏஜென்ட் ஒருவர், ‘எதுவும் வேண்டாம் சார், நாங்களே 15 லட்சம் உங்கள் கணக்கில் பத்து நாள் போட்டு வைக்கிறோம், கமிஷன் மட்டும் கொடுங்கள்’ என்கிறார். எது சரி ஐயா?

பதில்: ஏஜென்ட் சொன்னதை இன்றைக்கே மறந்துவிடுங்கள். அடுத்தவர் பணத்தை உங்கள் பணம் என்று காட்டுவது கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் வரும் பொய்த் தகவல் குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் 5 வருடம் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது, நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கும் (பி.ஆர்.) விண்ணப்பிக்க முடியாது. ஏஜென்ட் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் மனைவி பெயர், அந்தக் குழந்தையின் பெயர்.

சரி, எவ்வளவு வேண்டும்? 2025 ஜூலையில் திருத்திய பட்டியல்படி ஒருவருக்கு 15,263 கனடிய டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360. வருடத்துக்கு ஒருமுறை இந்தத் தொகை மாறும், அதனால் விண்ணப்பிக்கும் அன்று கனடா அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ‘முதலில் நான் மட்டும் போகிறேன், ஒருவருக்கான தொகை போதும்’ என்று கணக்குப் போட முடியாது. மனைவியும் மகளும் கூட வராவிட்டாலும் குடும்பம் மூன்று பேர்தான். டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 15 லட்சத்து 18 ஆயிரம் ஆகிறது. டாலர் ஏறினால் குறைந்துவிடக் கூடாது என்பதால் 17 லட்சம் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

தொகையைச் சேர்ப்பதைவிட, அது எப்படிப்பட்ட பணம் என்பதுதான் பெரிய விஷயம். கனடாவின் குடிவரவு விதிகளில் 76ஆவது விதி கேட்பது இதுதான்: பணம் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக, அங்கே கொண்டுபோகக்கூடியதாக, கடனோ வேறு கடப்பாடோ இல்லாததாக இருக்க வேண்டும். நாம் மனை வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் அல்லவா? அதையே அவர்கள் பணத்துக்குப் பார்க்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நகையை அடகு வைத்து வரும் பணம் கடன். நகைக் கடன் ரசீது பெட்டிக்குள் இருக்கும்வரை அந்தப் பணத்தில் வில்லங்கம் இருக்கிறது, ஆகவே சேராது. அதே நகையை விற்றால் சேரும். கடைக்காரரிடம் பில் வாங்கி, தொகையை வங்கி வழியாகவே பெறுங்கள். ஆனால் நகை உங்கள் மனைவியுடையது. விற்பதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவரிடம் கேளுங்கள்.

சீட்டு விஷயத்தில் படித்தவர்களே ஏமாந்துபோகிறார்கள். பாதியில் தள்ளி எடுத்தால் கையில் வருவது உங்கள் பணம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மிச்ச மாதங்களுக்கு நீங்கள் கட்டியே ஆக வேண்டும், அதற்கு ஜாமீன் வேறு கொடுத்திருப்பீர்கள். அதுவும் கடப்பாடுதான். கடைசி மாதம்வரை கட்டி முடித்து எடுத்த சீட்டு என்றால் பேச்சே இல்லை, அது சேமிப்பு. உங்கள் சீட்டு முடிய இன்னும் நாள் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

வீட்டு மனைக்கு இன்ஜினியரிடம் மதிப்பீட்டுச் சான்றிதழும், ஆடிட்டரிடம் நெட்வொர்த் சான்றிதழும் வாங்கி வைப்பவர்கள் உண்டு. இந்த விண்ணப்பத்துக்கு அவை உதவாது. வீடும் நிலமும் விற்றுப் பணமானால்தான் கணக்கு.

இனி மாமனார் பணம். 9 லட்சத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தர வேண்டியதில்லை என்ற அன்பளிப்பாக அது இருக்க வேண்டும். நம் வருமான வரிச் சட்டப்படி மாமனார் ‘உறவினர்’ என்ற வரையறைக்குள் வருகிறார், அதனால் உங்களுக்கு வரி கிடையாது. முத்திரைத்தாளில் அன்பளிப்புப் பத்திரம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். பணத்துக்கு இதைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. கைமாறினாலே அன்பளிப்பு நிறைவேறிவிடும். அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். தோப்பின் கிரயப் பத்திர நகல், அவர் கணக்கில் 9 லட்சம் வரவான பக்கம், அங்கிருந்து உங்களுக்கு வந்த பக்கம், மூன்றையும் சேர்த்து வையுங்கள். முந்திரித் தோப்பிலிருந்து உங்கள் பாஸ்புக் வரைக்கும் பணம் நடந்து வந்த தடம் அதில் தெரிய வேண்டும்.

ரொக்கம் 4 லட்சத்தைத் தொடாதீர்கள். ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். ஐம்பது ஐம்பதாயிரமாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே அன்பளிப்பு என்பதால் தப்ப முடியாது. சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கியதற்கு உங்கள் மாமனாருக்கே தனியாகச் சிக்கல் இருக்கிறது. அவரை ஒரு நல்ல ஆடிட்டரிடம் அழைத்துப் போங்கள். உங்களுக்கு நல்லது செய்ய நினைத்த மனிதர் நோட்டீஸ் வாங்கக் கூடாது.

ஆக, டெபாசிட்டும் அன்பளிப்பும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம். மனைவியின் பெயரில் மட்டும் உள்ள சேமிப்பையும் காட்டலாம், அந்தப் பணத்தை நீங்களும் எடுத்துப் பயன்படுத்த முடியும் என்று நிரூபிக்க வேண்டும். கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. இன்னும் குறைந்தால் கொஞ்சம் நகை விற்பது, அல்லது ஆறேழு மாதம் பொறுத்துச் சம்பளத்தில் சேர்ப்பது. நானாக இருந்தால் பொறுப்பேன்.

பணம் முழுதும் ஆறு மாதமாகக் கணக்கில் கிடந்திருக்க வேண்டும் என்று பலர் பயமுறுத்துவார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பு எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சராசரி ஒரு லட்சம், இன்றைய இருப்பு 15 லட்சம் என்றால் ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வி வரும். அதற்குத்தான் அன்பளிப்புப் பத்திரமும் ஒரு பக்க விளக்கக் கடிதமும்.

அந்த வங்கிக் கடிதத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். போன வருடம் மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்கு ஒரு தம்பி கடிதத்தோடு வந்தார். வங்கியின் லெட்டர்பேடில் இரண்டே வரி: இன்னார் எங்கள் வாடிக்கையாளர், இன்றைய இருப்பு இவ்வளவு. கிளை முத்திரை சரியாகத் தொகையின் மேலேயே விழுந்து, நடு இலக்கங்கள் ஊதா மையில் மறைந்திருந்தன. கணக்கு தொடங்கிய தேதி இல்லை, சராசரி இல்லை, கடன் விவரம் இல்லை. அந்த மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் வழக்கமாகக் கேட்பது அந்த இரண்டு வரிதான். நீங்கள் போகும்போது வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வங்கியின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், உங்கள் பெயர், கிரெடிட் கார்டு பாக்கி உட்பட நிலுவைக் கடன்கள், ஒவ்வொரு கணக்குக்கும் எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, ஆறு மாதச் சராசரி. வைப்புத் தொகைக்கும் இதேதான்.

விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிலிருந்து அழைப்பு வந்த பிறகு முழு விண்ணப்பத்தையும் போட 60 நாள்தான் கிடைக்கும். அப்போது வங்கிக்கு அலைய வேண்டாம், மாதிரிக் கடிதத்தை இப்போதே கிளையில் காட்டிப் பேசி வைத்துவிடுங்கள். அப்புறம், விண்ணப்பம் போட்டதும் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிடாதீர்கள். விசா கொடுக்கும் நேரத்திலும் அந்தத் தொகை இருக்க வேண்டும், அதிகாரி மறுபடியும் புதிய கடிதம் கேட்கலாம். மாமனாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்; நடுவில் அவசரம் என்று அந்த 9 லட்சத்தைத் திருப்பிக் கேட்கும்படி ஆனால், பத்திரத்தில் அன்பளிப்பு என்று எழுதியதே பொய்யாகிவிடும்.